வீட்டுக் கூட்டத்தில் பணத்தைப் பற்றி நான்கு வார வேதபாடம் நடத்துவது எப்படி

பூமியில் சேர்க்கிற பொக்கிஷம், பரலோகத்தில் சேர்க்கிற பொக்கிஷம் என்ற பேச்சு நம் கன்னியாகுமரி மாவட்டக் கூட்டங்களுக்குப் புதிதல்ல. மார்த்தாண்டம் பக்கத்து வீட்டுக் கூட்டமானாலும் குளச்சல் பக்கத்து அன்பியமானாலும் (கத்தோலிக்கரின் தெருக்கூட்டம்) மத்தேயு 6-ஆம் அதிகாரம் ஆண்டுக்கு ஒருமுறையாவது வாசிக்கப்படும். வாசித்து, ஜெபித்து, காப்பி குடித்து எழுந்து போவோம். வீட்டுக் கணக்கில் ஒரு வரிகூட மாறியிருக்காது. பாடம் பொதுவாகவே நின்றுவிடுவதுதான் காரணம். வசனம் கேட்கிற கேள்வியைக் கூட்டத்துக்கு வந்தவர் தன் வீட்டில், தன் வரவு செலவின் முன்னால் வைத்துப் பார்க்கும்படி நடத்த வேண்டும். அதற்கான வழி கீழே இருக்கிறது. கூட்டம் நடத்துகிற மூப்பர், பெண்கள் சங்கத் தலைவி, அன்பிய ஒருங்கிணைப்பாளர் யாரும் இதைப் பயன்படுத்தலாம்.

முன் ஏற்பாடு

8 முதல் 15 பேர் வரை இருந்தால் எல்லோரும் வாய் திறப்பார்கள். 20-ஐத் தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மீதிப்பேர் கேட்பார்கள். அப்படியானால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மொத்தம் 75 நிமிடம் போதும்: பாட்டும் ஜெபமும் 15, வாசிப்பு 10, கலந்துரையாடல் 35, மௌனமாக எழுத 5, முடிவு ஜெபம் 10. ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழ வேண்டியவர்கள். குலசேகரம், அருமனை பக்கங்களில் ஏழு மணிக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு முடித்துவிடுங்கள். கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போகாத ஞாயிறு மாலைதான் எல்லோரும் கிடைக்கிற நேரம்.

எந்த வீட்டில் எந்தப் பாடம் என்பதை முன்பே யோசியுங்கள். ஊரிலேயே பெரிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஐசுவரியவான் லாசரு கதையை எடுத்தால், வந்தவர்கள் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள், அவர் தரையைப் பார்ப்பார், பாடம் அதோடு முடிந்தது. வாடகை வீட்டில் ‘கவலைப்படாதிருங்கள்’ என்று தொடங்குவதும் அதே அளவு கனமானது. நான்கு வாரமும் ஒரே வீட்டில், நடுத்தர வசதியுள்ள ஒரு வீட்டில் வைப்பது நல்லது. சபைக் கட்டிடத்தில் வைக்க வேண்டாம். அங்கே பேச்சு தானாகவே சபைக் கணக்குக்குப் போய்விடும்.

ஆளுக்கு ஒரு சிறிய நோட்டும் பேனாவும் தேவை. கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாரும் கலந்து வருகிற தெரு என்றால் பொது மொழிபெயர்ப்பு, பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வசனம் ஒன்றுதான், வாசிக்கும்போது தடுமாற்றம் வராமல் இருக்கத்தான் இது. கத்தோலிக்கர் வேதாகமத்தில் இருக்கிற தோபித்து 4-ஆம் அதிகாரமும் சீராக் 29-ஆம் அதிகாரமும் தர்மம் செய்வதையே பொக்கிஷமாகச் சொல்கின்றன. அவர்கள் அதை எடுத்து வாசித்தால் தடுக்காதீர்கள். இயேசுவின் வார்த்தை எந்த மரபிலிருந்து பேசுகிறது என்பது அதில் தெரியும்.

முதலிலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள்: இந்த நான்கு வாரமும் யாரும் தன் வருமானத்தையோ காணிக்கைத் தொகையையோ சொல்லக்கூடாது, அடுத்தவருடையதைப் பற்றிப் பேசவும் கூடாது. இதை மீறவிட்டால் ஏழை வீட்டுக்காரர் இரண்டாம் வாரம் வரமாட்டார்.

முதல் வாரம்: லூக்கா 12:13–34

மத்தேயுவில் தொடங்காமல் இதில் தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பகுதியின் முதல் வசனமே பாகப்பிரிவினை. ஒருவன் கூட்டத்திலிருந்து எழுந்து, என் சகோதரன் ஆஸ்தியை என்னோடு பங்கிடும்படி சொல்லும் என்று கேட்கிறான். இரணியலிலும் பத்மநாபபுரத்திலும் குழித்துறையிலும் நீதிமன்றப் படி ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயேசு அவனுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. “பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்” என்கிறார். அவன் கேட்டது நியாயமான பங்காகவே இருந்திருக்கலாம். நியாயமான பங்கைக் கேட்கிறவனுக்குள்ளும் பொருளாசை இருக்கலாம் என்பதை இங்கே நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது மதிகேடனான ஐசுவரியவான். 17 முதல் 19 வரை உள்ள வசனங்களை மூன்று பேர் வாசிக்கட்டும். அவன் வாயிலிருந்து வரும் ‘நான்’, ‘என்’, ‘எனக்கு’ எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்த மூன்று வசனங்களில் வேறு மனிதர் யாராவது வருகிறார்களா? வேலைக்காரன் இல்லை, மனைவி இல்லை, அயலான் இல்லை. விளைச்சல் கள்ளமாக வந்ததல்ல. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். விளைந்ததை யாருக்கு என்று அவன் யோசித்த விதத்தில்தான் குற்றம்.

இங்கே நிச்சயம் ஒரு எதிர்க்கேள்வி வரும்: அப்படியானால் சேமிப்பு தவறா? எல்.ஐ.சி., வங்கி வைப்பு, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பவுன் எல்லாம் அவிசுவாசமா? பதிலை ஆயத்தமாக வைத்திருங்கள். நீதிமொழிகள் 6:6–8 எறும்பிடம் போய்க் கற்றுக்கொள் என்கிறது. ஆதியாகமம் 41-இல் யோசேப்பு ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் வைத்தான். பஞ்சத்தில் ஜனங்கள் பிழைத்தார்கள். அவனும் களஞ்சியத்தில் சேர்த்தான், மதிகேடனும் பெரிய களஞ்சியம் கட்டிச் சேர்க்க நினைத்தான். யோசேப்பின் களஞ்சியம் மற்றவர்களுக்காகத் திறந்தது. சேமிப்பைக் குற்றப்படுத்தாதீர்கள். ‘இந்தச் சேமிப்பு யாருக்காக, எதுவரை போதும்?’ என்ற கேள்வியை மட்டும் வீட்டுக்கு அனுப்புங்கள். எதுவரை என்று எல்லை வைக்காத சேமிப்பு எப்போதும் போதாது.

இரண்டாம் வாரம்: மத்தேயு 6:1–24

எல்லோரும் 19-ஆம் வசனத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் 1-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பரலோகப் பொக்கிஷம் எப்படிச் சேர்கிறது என்பதை முதல் 18 வசனங்கள் சொல்லிவிடுகின்றன: தர்மம், ஜெபம், உபவாசம், மூன்றும் அந்தரங்கத்தில். மனுஷர் காணவேண்டுமென்று கொடுத்தவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தார்கள் என்று இயேசு சொல்கிறார். வேறு எதுவும் அவர்களுக்கு மிச்சமில்லை. “உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது” என்ற வசனத்தோடு சேர்த்து வாசித்தால்தான் பூச்சி, துரு, திருடன் வருகிற வசனங்களுக்கு முழு அர்த்தம் கிடைக்கும்.

நம் மாவட்டத்தில் இந்த இடம்தான் வலிக்கும். அறுப்பின் பண்டிகையில் ஒரு ஏத்தன் வாழைக்குலையைச் சந்தை விலையைவிடப் பல மடங்கு கூட்டி ஏலம் எடுக்கிறோம். ஒலிபெருக்கியில் பெயர் வருகிறது. ஆலயச் சுவரில் கல், மின்விசிறியில் பெயர், நன்கொடைப் பட்டியல் வாசிப்பு. ஏலத்தால் சபைக்கு நன்மை உண்டு. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது, கூரை வேய்ந்திருக்கிறது. அதைக் கேவலப்படுத்திப் பேச வேண்டாம். ஆனால் ஒரு கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம்: பெயர் வாசிக்காவிட்டாலும் நான் அதே தொகையைத்தான் கொடுப்பேனா? ஒவ்வொருவரும் நோட்டில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதி மூடி வைக்கட்டும். யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். இந்த ஐந்து நிமிடம்தான் நான்கு வாரத்திலும் கனமான நேரம்; பாட்டுப் பாடி நிரப்பிவிடாதீர்கள்.

19-ஆம் வசனத்துக்கு விளக்கம் அதிகம் வேண்டாம். உப்புக்காற்றில் இரண்டு மழையிலேயே துருப்பிடிக்கிற ஜன்னல் கம்பி முட்டத்திலும் மணக்குடியிலும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2017-இல் ஒக்கி புயல் வந்த இரவையும் கடந்து வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பேரழிவுகளை நீங்கள் உதாரணமாக எடுத்து ‘பார்த்தீர்களா, பொருள் நிலையில்லை’ என்று போதிக்காதீர்கள். வீட்டாளைக் கடலுக்குக் கொடுத்தவருக்கு அது போதனையாக விழாது. அவர்களே பேசினால் கேளுங்கள்.

24-ஆம் வசனம், “தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது.” பணம் வைத்திருக்கிறதையல்ல, பணத்துக்கு ஊழியம் செய்வதை அது தடுக்கிறது. ஊழியம் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ள நடைமுறையான சோதனை ஒன்று: கடந்த ஒரு வருஷத்தில் பணத்துக்காக யாரோடு பேச்சை நிறுத்தினோம்? பெயர் மனதில் வந்துவிடும்.

பலன் என்பது வட்டிக் கணக்கா?

இரண்டாம் வாரத்தின் முடிவில் இந்தக் குழப்பம் வரும். இங்கே நூறு போட்டால் அங்கே ஆயிரம் கிடைக்கும் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். மத்தேயு 20-இல் காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே ஒரு பணம் கூலி. அளந்து கொடுக்கிற பலனாக இருந்தால் அந்தக் கதைக்கு இடமே இல்லை. லூக்கா 17:10, கற்பித்ததையெல்லாம் செய்தபின்பும் நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர் என்று சொல்லச் சொல்கிறது. ஆதியாகமம் 15:1-இல் ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட மகா பெரிய பலன் தேவனே. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வாசித்தால் கணக்குப் புத்தகம் மூடிக்கொள்ளும். கிருபையா கிரியையா என்ற பழைய வாக்குவாதம் கத்தோலிக்கருக்கும் மற்றவருக்கும் இடையில் எழுந்தால் எபேசியர் 2:8–10 மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்து அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாம் வாரம்: மாற்கு 10:17–31

உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொன்னதும் ஐசுவரியமுள்ளவன் துக்கத்தோடே போனான். அதற்கு முன் வருகிற 21-ஆம் வசனத்தில் இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று இருக்கிறது. வாசிக்கிறவர் அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தட்டும். அன்பில்லாமல் இந்தப் பகுதியைப் போதித்தால் அது வசதியுள்ளவர்மேல் எறிகிற கல்லாகிவிடும்.

ஊசிக்காது ஒட்டகம் பற்றி யாராவது ஒருவர், எருசலேமில் ‘ஊசிக்காது’ என்றொரு சிறிய வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி மண்டியிட்டு நுழையும் என்பார். அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்குச் சான்று இல்லை. வெகு பிற்காலத்தில் கிளம்பிய விளக்கம் அது. மரியாதையாகத் திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால், ‘கொஞ்சம் குனிந்தால் நுழையலாம்’ என்று பாடம் மாறிவிடும். சீஷர் ‘அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும்’ என்று திகைத்ததற்கும், மனுஷரால் இது கூடாதது என்று இயேசு சொன்னதற்கும் காரணமே இல்லாமல் போகும்.

30-ஆம் வசனத்தில் நூறத்தனையாகப் பெறுவான் என்பதைப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ‘துன்பங்களோடேகூட’ என்று அதே வசனத்தில் இருப்பதை விட்டுவிடுவார்கள். இங்கே நம் மண்ணின் சாட்சி ஒன்று பொருந்தும். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர். பயிரும் மாடுகளும் நஷ்டப்பட்டு மனம் உடைந்திருந்த நேரத்தில், திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவராயிருந்த டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றார். யோபுக்கு இழந்தது இரட்டிப்பாகத் திரும்பியது, தேவசகாயத்துக்குத் திரும்பவில்லை. பதவியும் போய், பல ஆண்டு வதைபட்டு, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். ‘யோபுபோலப் பொறுத்தால் இரண்டு மடங்கு கிடைக்கும்’ என்று யாராவது சொல்லும்போது, யோபுவின் கதை கேட்டே வந்த இந்த மனிதர் எதைப் பெற்றார் என்று கூட்டத்தைப் பேசவிடுங்கள். எபிரெயர் 11:24–26-ஐயும் வாசியுங்கள்: அரண்மனையை விட்ட மோசே இனிவரும் பலன்மேல் நோக்கமாயிருந்தான்.

ஐசுவரியமே பாவம் என்று பேச்சு மறுபக்கம் சாய்ந்தால், ஆதியாகமம் 13:2 போதும்; ஆபிராம் மிருகஜீவன்களும் வெள்ளியும் பொன்னுமான ஆஸ்திகளை உடையவன். 1 தீமோத்தேயு 6:10-ஐ ‘பணம் எல்லாத் தீமைக்கும் வேர்’ என்று சொல்வதும் தவறு. “பண ஆசை” என்று இருக்கிறது. கடன் வாங்கி நிற்கிற ஏழைக்கும் அந்த ஆசை இருக்கலாம்.

அடிக்கடி திரிக்கப்படுகிற சில வசனங்கள்

மல்கியா 3:10, தசமபாகத்தை (பத்தில் ஒரு பங்கை) கொண்டுவந்தால் தேவன் வானத்தின் பலகணிகளைத் திறப்பதைச் சொல்கிறது. அது லேவியரின் ஆலய ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் தானியம் வந்துசேராத இஸ்ரவேல் ஜனத்துக்குச் சொன்னது. உபாகமம் 14:28–29-இன்படி மூன்றாம் வருஷத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போனது. தசமபாகம் போதிக்கிறவர் அந்தப் பங்கையும் போதிக்க வேண்டும்.

லூக்கா 6:38, “கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்.” முந்தின வசனம் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள், விடுதலைபண்ணுங்கள் என்கிறது. கொடுப்பதை அளக்கிற அதே மரக்காலில்தான் மன்னிப்பின் அளவும் இருக்கிறது. 3 யோவான் 2 ஒரு கடிதத்தின் நலம் விசாரிப்பு. அதிலிருந்து செழிப்பு உபதேசம் (விசுவாசித்தால் செல்வம் பெருகும் என்ற போதனை) கட்ட முடியாது. அனனியா சப்பீராள் கதையில் அப்போஸ்தலர் 5:4-ஐ விடாமல் வாசியுங்கள்: நிலத்தை விற்குமுன் அது உன்னுடையதே. முழுவதையும் கொடுக்காதது அங்கே குற்றமில்லை. முழுவதும் என்று பொய் சொன்னதுதான்.

தொகைகளை நம் கூலியில் சொன்னால் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு தாலந்து 6,000 நாள் கூலி, அதாவது 48 லட்சம். ஒரு தாலந்தைப் புதைத்தவன் சில்லறையைப் புதைக்கவில்லை. விதவையின் இரண்டு காசு ஒரு நாள் கூலியில் 64-இல் ஒரு பங்கு, 12 ரூபாய் 50 காசு. பெத்தானியாவில் உடைத்த பரிமள தைலம் 300 பணம், 2,40,000 ரூபாய்.

நான்காம் வாரம்: வீட்டுக் கணக்கு

வாசிக்க 2 கொரிந்தியர் 8 முழுவதும், 9:6–8, 1 தீமோத்தேயு 6:17–19. பேச்சைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தில் முடித்துவிட்டு, வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து செய்ய வேண்டியதை விளக்குங்கள்.

ஒரு தாளில் முதலில் கொடுக்க வேண்டிய கூலிப் பாக்கியை எழுதட்டும்: தேங்காய் வெட்டினவர், வீட்டு வேலை செய்தவர், கொத்தனார். லேவியராகமம் 19:13 கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. யாக்கோபு 5:4-இல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. காணிக்கைக்கு முன் இது. அடுத்து கடன்: வங்கியில் அடகு வைத்த நகை, சீட்டுத் தவணை, கைமாற்று, வட்டிக்கு வாங்கினது. எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை மேலே எழுதுங்கள். மூன்றாவது, தாய் தகப்பன். கொர்பான் (தேவனுக்கென்று கொடுத்த காணிக்கை) என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை நிறுத்தினவர்களை இயேசு கண்டித்தார், மாற்கு 7:11. அம்மாவின் மாத்திரைச் செலவை நிறுத்திக் கட்டிட நிதிக்குக் கொடுத்தது காணிக்கையாகாது.

இதற்குப் பிறகுதான் கொடுக்கிற தொகை. 1 கொரிந்தியர் 16:2 முறையைச் சொல்கிறது: வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கதாக, தன்னிடத்திலே சேர்த்துவைக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் சம்பளம் வந்த அன்றே ஒரு உறையில் எடுத்துவைக்கட்டும். மாதக் கடைசியில் மிஞ்சினதை என்று வைத்தால் எதுவும் மிஞ்சாது. தென்னை, வாழை, ரப்பர் உள்ளவர்கள் வெட்டுக்கூலி, உரம், சுமைக்கூலி கழித்து வந்ததில் எடுத்தால் போதும். விசைப்படகில் போகிறவர்களுக்குத் தடைக்காலத்தில் வரவு இல்லை: சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதமும் பழைய தொகையையே கொடுக்க வேண்டும் என்று வைத்து வட்டிக்கு வாங்குகிற வீடுகள் உண்டு. 2 கொரிந்தியர் 8:12 இதைத் தெளிவாக விலக்குகிறது: ஒருவனுக்கு “இல்லாததின்படியல்ல,” உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். கடன் வாங்கிக் காணிக்கை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஊழியர்கள் இதைச் சொல்லத் தயங்கினாலும் நீங்கள் சொல்லுங்கள்.

எடுத்துவைத்த உறையை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று சபைக்கு. மற்றது பதில் செய்ய முடியாத ஒருவருக்கு. லூக்கா 14:12–14 இந்த இரண்டாவதற்குத்தான் பலனைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. உனக்குப் பதில் செய்ய அவர்களால் கூடாததால், நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் உனக்குப் பதில் செய்யப்படும் என்று. கல்யாணத்துக்கு மொய் எழுதினவருக்குத் திரும்ப எழுதுவது இதில் சேராது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், படுக்கையில் கிடக்கிறவரின் மருந்து, வட மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியின் வாடகை, இப்படி ஏதாவது. யார் கொடுத்தது என்று தெரியாமல் போய்ச் சேர வழி தேடுங்கள்: மருந்துக்கடையில் பற்றை அடைத்துவிடலாம், பள்ளி அலுவலகத்தில் பெயர் சொல்லாமல் கட்டலாம். வாங்குகிறவரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கொடுப்பதும், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் இரண்டாம் வாரத்தில் வாசித்ததற்கு நேர் எதிர்.

நான்கு வாரம் முடிந்தபின் குழுவாகச் சேர்ந்து உதவ விரும்புவார்கள். அப்போது பணத்தை ஒருவர் கையில் விடாதீர்கள். 2 கொரிந்தியர் 8:20–21-இல் பவுல் அந்தப் பெரிய தர்மத்தைக் கொண்டுபோகக் கூட ஆட்களை வைத்தார், ஒருவரும் குற்றஞ்சாட்டாதபடிக்கு. இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, அந்த வாரத்திலேயே சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடட்டும். நோட்டில் தேதி, மொத்தத் தொகை, எதற்காகச் செலவானது, இவை மட்டும் இருந்தால் போதும். கொடுத்தவர் பெயருக்கு அதில் பத்தி வேண்டாம்.